துணிக்குக் கோட்டா வைத்த ரன்சிமன் பிரபு

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் ஓர் ஆங்கிலேய மந்திரியின் வாழ்க்கை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் மலாயாவின் ஆளுநரும் அல்லர், நம் கடைத்தெருவுக்கு வந்து போனவரும் அல்லர். ஆனாலும் 1934-ம் ஆண்டு மே மாதம் 7-ம் தேதி, திங்கட்கிழமை, லண்டன் நாடாளுமன்றத்தில் அவர் எழுந்து நின்று சொன்ன ஓர் அறிவிப்பு, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் துணி வியாபாரம் செய்தவர்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் போட்டது. நம்மில் பல குடும்பங்களின் பழைய தொழில் துணி. தலைச்சுமையில் தொடங்கி, சைக்கிளில் மூட்டை கட்டி, பிறகு கடை பிடித்து உட்கார்ந்த முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த முன்னோர்களின் காலத்தில் கோட்டா என்ற சொல்லைத் துணிக்கடைக்குள் கொண்டுவந்து சேர்த்த மனிதரின் கதையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறோம்.

அவர் பெயர் வால்டர் ரன்சிமன். 1870-ம் ஆண்டு நவம்பர் 19-ம் தேதி இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தையின் பெயரும் வால்டர்தான். அந்தத் தந்தை சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கப்பலேறியவர்; எடுபிடிப் பையனாகத் தொடங்கி மாலுமியாகி, கப்பல் தலைவராகி, கடைசியில் சொந்தமாகக் கப்பல் கம்பெனி நடத்திப் பெரும் செல்வரானவர். கையில் ஒன்றுமில்லாமல் கடல் கடந்து, உழைப்பால் நிமிர்ந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. அந்த வகையில் மகன் ரன்சிமனும் நமக்கு அறிமுகமான ஒரு வீட்டின் பிள்ளை என்றே சொல்லலாம். மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். மதுவைத் தொடாத வீடு. மகனும் வாழ்நாள் முழுவதும் மது அருந்தாதவராகவே இருந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் படித்தார். பிறகு தந்தையின் கப்பல் தொழிலில் இறங்கினார்.

கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கொள்கை தாய்ப்பாலோடு வந்துவிடும். சரக்கு தடையின்றி நாடு விட்டு நாடு போக வேண்டும். சுங்கச் சுவர் எழுப்பினால் கப்பல் காலியாகத்தான் ஓடும். தடையில்லா வாணிபம் என்ற இந்தக் கொள்கைதான் அன்று லிபரல் கட்சியின் உயிர்நாடி. ரன்சிமன் அந்தக் கட்சியில் சேர்ந்ததில் வியப்பில்லை.

1899-ம் ஆண்டு ஜூலையில் லங்காஷயரிலுள்ள ஓல்டாம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ஓல்டாம் என்றால் பஞ்சாலை. பஞ்சாலை என்றால் ஓல்டாம். உலகத்திலேயே அதிகமான நூற்புக் கதிர்கள் சுழன்ற ஊர்களில் ஒன்று அது. இரண்டு இடங்களுக்கு நடந்த அந்தத் தேர்தலில் ரன்சிமனும் இன்னொரு லிபரல் வேட்பாளரும் வென்றார்கள். தோற்றவர்களில் ஒருவர் அப்போதுதான் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற ஓர் இளைஞர். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். அடுத்த ஆண்டே பொதுத் தேர்தல் வந்தபோது சர்ச்சில் வென்றார், ரன்சிமன் தோற்றார். ஆக, ரன்சிமனை முதன்முதலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் துணி ஆலைத் தொழிலாளிகள். 1902-ல் அவரை மறுபடியும் அனுப்பிய டியூஸ்பரி தொகுதியும் கம்பளித் துணி நெய்கிற வட்டாரம்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது விளங்கும்.

1903-ல் ஜோசப் சேம்பர்லேன் என்ற தலைவர் பேரரசுக்குள் சலுகை, வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்கம் என்று ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கினார். அதை எதிர்த்து மேடை மேடையாகப் பேசிய லிபரல்களில் ரன்சிமனும் ஒருவர். சுங்கம் போட்டால் ஏழையின் ரொட்டி விலை ஏறும் என்பது அவர்களுடைய வாதம். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1906 தேர்தலில் லிபரல் கட்சி அமோகமாக வென்றது. அதன்பின் ரன்சிமனுக்கு ஏறுமுகம். 1908-ல் கல்விக்குப் பொறுப்பான மந்திரி. 1911-ல் விவசாய மந்திரி. 1914-ல் வர்த்தக வாரியத் தலைவர், அதாவது வர்த்தக மந்திரி. முதல் உலகப் போரின் முதல் இரண்டரை ஆண்டுகள் கப்பல், சரக்கு, உணவு வரத்து எல்லாவற்றையும் மேற்பார்த்தவர் அவர்தான். 1916 டிசம்பரில் ஆட்சி மாறியதும் பதவி போயிற்று. 1918 தேர்தலில் தொகுதியும் போயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1924-ல்தான் ஸ்வான்சி மேற்குத் தொகுதியிலிருந்து திரும்பி வந்தார்.

அவர் துணைவியார் ஹில்டாவும் சாதாரணமானவர் அல்லர். 1928-ல் செயின்ட் ஐவ்ஸ் இடைத்தேர்தலில் அவரே நின்று வென்றார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பிரிட்டிஷ் மக்கள் சபையில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டு மனைவி விட்டுக்கொடுத்த அந்தத் தொகுதியில் கணவர் நின்று வென்றார்.

இதுவரை நேர்கோடாகப் போன வாழ்க்கை 1931-ல் திரும்பியது. உலகமெங்கும் பொருளாதார மந்தம். பிரிட்டனில் எல்லாக் கட்சிகளும் கலந்த தேசிய அரசாங்கம் அமைந்தது. நிதி மந்திரி, சுங்கக் கொள்கைக்காரரான நெவில் சேம்பர்லேன். பழைய ஜோசப் சேம்பர்லேனின் மகன். தராசு சமமாக இருக்கட்டும் என்று வர்த்தக வாரியத்தை ரன்சிமனிடம் கொடுத்தார்கள். ஆனால் தராசு சமமாக நிற்கவில்லை. 1932 தொடக்கத்தில் பெரும்பாலான இறக்குமதிப் பொருள்கள் மீது நூற்றுக்குப் பத்து வீதம் சுங்கம் வந்தது. அதே ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் பேரரசு மாநாடு கூடி, பேரரசு நாடுகள் ஒன்றுக்கொன்று சலுகை கொடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தது. இது எங்கள் கொள்கைக்கு விரோதம் என்று சொல்லி லிபரல் மந்திரிகள் சிலர் செப்டம்பரில் பதவியை விட்டு வெளியேறினார்கள். ரன்சிமன் வெளியேறவில்லை. ஒட்டாவா மாநாட்டுக்குப் போய் வந்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர் ஏன் தங்கினார் என்பதை ஓல்டாமின் நிலையைப் பார்த்தால்தான் ஓரளவு புரிந்துகொள்ள முடியும். 1913-ல் பிரிட்டன் வெளிநாடுகளுக்கு அனுப்பிய பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கெஜம். இருபது ஆண்டுகளில் அது 200 கோடி கெஜம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆலைகள் வரிசையாக மூடிக் கிடந்தன. தலைமுறை தலைமுறையாக நெய்து வந்த ஆணும் பெண்ணும் உதவித்தொகைக்கு வரிசையில் நின்றார்கள். மறுபக்கம் ஜப்பான் எழுந்து வந்தது. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் யென் மதிப்பு சரிந்தது. ஜப்பான் துணி உலகச் சந்தையில் மலிந்தது. 1933-ல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்திவிட்டது. நாணயம் மட்டும் காரணமல்ல, ஜப்பான் தறியும் முன்னேறியிருந்தது. டொயோடா தானியங்கித் தறியின் உரிமையை 1929-ல் விலைகொடுத்து வாங்கியது பிளாட் சகோதரர்கள் என்ற நெசவு இயந்திரக் கம்பெனி. அந்தக் கம்பெனி இருந்த ஊர் எது தெரியுமா? அதே ஓல்டாம்தான். உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்ற ஊர் ஜப்பானியரின் தறியை வாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

லங்காஷயரின் கூக்குரல் லண்டனை எட்டியது. 1934 தொடக்கத்தில் இரு நாட்டு ஆலைக்காரர்களும் லண்டனில் உட்கார்ந்து பேசினார்கள். சந்தையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது பிரிட்டன் தரப்பின் எண்ணம். ஜப்பான் தரப்பு இசையவில்லை. மார்ச் மாதத்தில் பேச்சு முறிந்தது. அதன் பின்புதான் அந்த மே 7-ம் தேதி வந்தது.

அறிவிப்பின் சாரம் இது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளிலும் பாதுகாப்பில் உள்ள நாடுகளிலும் அந்நிய நாட்டுப் பருத்தித் துணிக்கும் செயற்கைப் பட்டுத் துணிக்கும் இனிமேல் கோட்டா. எவ்வளவு வரலாம் என்பதற்கு 1927 முதல் 1931 வரையிலான ஐந்து ஆண்டு இறக்குமதியின் சராசரியே அளவு. இந்த ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம் இருந்தது. ஜப்பான் துணி வெள்ளமாக வந்தது 1932-க்குப் பிறகு. அந்த வெள்ளத்துக்கு முந்திய ஆண்டுகளை அளவாக வைத்தால் ஜப்பானுக்குத் தானாகவே கதவு குறுகிவிடும். ஓர் உதாரணம் சொல்கிறோம். ஓர் ஊருக்கு அந்த ஐந்து ஆண்டுகளில் வருடத்துக்கு 100 பேல் ஜப்பான் துணி வந்திருந்து, 1933-ல் 300 பேல் வந்திருந்தால், இனிமேல் 100 பேலுக்குத்தான் அனுமதி. மீதி 200 பேல் துணியை உடுத்தியிருக்க வேண்டிய மக்கள் விலை கூடிய லங்காஷயர் துணியை வாங்க வேண்டும், அல்லது பழையதைத் தைத்து உடுத்த வேண்டும்.

சுங்கத்துக்கும் கோட்டாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. துணி வியாபாரிகள் இதை உடனே உணர்வார்கள். சுங்கம் என்றால் பணம் கட்டினால் சரக்கு உள்ளே வரும். கோட்டா என்றால் பணம் இருந்தாலும் சரக்கு வராது. கையில் உரிமம் வேண்டும். உரிமத்தைப் பழைய இறக்குமதிக் கணக்கை வைத்துக் கொடுத்தால், வெகுகாலமாகப் பெரிய அளவில் வரவழைத்தவருக்கு அது வசதி. நேற்றுத்தான் சிறு முதலோடு தொடங்கியவருக்குக் கதவு சாத்தித்தான் இருக்கும்.

இனி மலாயாவுக்கு வருவோம். சிங்கப்பூரும் பினாங்கும் சுங்கமில்லாத் துறைமுகங்களாகவே வளர்ந்தவை. யார் சரக்கானாலும் இறக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்பதே அவற்றின் ஆதாரம். அந்த ஆதாரத்தை நம்பித்தான் நம்மவர்களும் சீனர்களும் அரபுகளும் குஜராத்திகளும் கிட்டங்கி பிடித்து அமர்ந்தார்கள். ரப்பர் விலையும் ஈய விலையும் படுத்துவிட்ட அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளிக்கும் கம்பத்து மலாய்க்காரருக்கும் சீனக் கூலிக்கும் கைக்கு எட்டிய துணி ஜப்பான் துணிதான். சில்லறைக்குச் சட்டைத்துணி கிடைத்தது. பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் புதுசு எடுக்க முடிந்தது. கோட்டா வந்ததும் அந்த வசதிதான் முதலில் அடிபட்டது.

இன்னொரு விந்தையும் உண்டு. அதே 1934 மே 7-ம் தேதிதான் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமும் கையெழுத்தானது. மலாயா விற்கும் பொருளுக்கும் அளவு, மலாயா வாங்கும் பொருளுக்கும் அளவு. இரண்டும் ஒரே நாளில். ரப்பர் கட்டுப்பாடு விலையைத் தூக்கி நிறுத்தும் என்று தோட்ட முதலாளிகள் நம்பினார்கள். துணிக் கட்டுப்பாடு யாருடைய விலையைத் தூக்கியது என்பதைக் கடைக்கு வந்த ஏழை அறிவார்.

பாதிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. இந்தியத் துணி பேரரசுச் சரக்கு என்பதால் கோட்டாவுக்குள் வரவில்லை. சென்னையிலிருந்து கைலி வரவழைத்து விற்றவர்களின் கதவு திறந்தே இருந்தது. மலாய்க்காரர்கள் இன்றும் பெலிகாட் என்று அழைக்கும் அந்தக் கைலிக்குப் பெயர் தந்தது நம் பழவேற்காடு. ஜப்பான் சீட்டியையும் பாப்ளினையும் நம்பிக் கடை வைத்தவர்களுக்கோ காலம் கடினமாயிற்று. ஒரே தெருவில் ஒரு கடைக்கு நிம்மதி, அடுத்த கடைக்குத் திண்டாட்டம். கோட்டாவின் குணம் அதுதான்.

இந்தச் சட்டத்தை மலாயா மனமுவந்து ஏற்கவில்லை. சிங்கப்பூரில் கூடிய நீரிணைக் குடியேற்றச் சட்டசபையில் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் ஆளுநருக்குத் தீர்மான வாக்கு இருந்த சபை அது. கடைசிச் சொல் அரசாங்கத்தினுடையதுதான். இலங்கையில் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1931 முதல் அங்கே எல்லோருக்கும் வாக்குரிமை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்க சபை இருந்தது. அந்தச் சபை கோட்டாவை ஏற்க மறுத்தது. லண்டன் அரசாணை ஒன்றைப் பிறப்பித்து, சபையைத் தாண்டிக் கோட்டாவைச் சுமத்தியது.

இந்தியாவின் அனுபவம் வேறு. 1933-ல் இந்திய அரசு ஜப்பான் துணி மீது கடுஞ்சுங்கம் போட்டபோது ஜப்பான் ஆலைக்காரர்கள் இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்று நின்றார்கள். பிறகு இரு தரப்பும் பேசின. இவ்வளவு பஞ்சை நீ வாங்கினால் இவ்வளவு துணியை நான் அனுமதிக்கிறேன் என்று 1934 தொடக்கத்தில் உடன்பாடு கண்டன. 10 லட்சம் பேல் பஞ்சுக்கு 32 கோடியே 50 லட்சம் கெஜம் துணி என்பது அடிப்படைக் கணக்கு. அதுவும் கோட்டாதான். ஆனாலும் அதில் கொடுக்கலும் வாங்கலும் இருந்தது; இந்தியப் பஞ்சு விவசாயிக்கு அதனால் ஒரு பயன் கிடைத்தது. மலாயாவுக்காகப் பேரம் பேச அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

சரி, ஓல்டாமாவது பிழைத்ததா? குடியேற்ற நாடுகளில் லங்காஷயர் துணிக்குச் சற்று மூச்சு வந்தது உண்மை. ஆனால் இழந்த சந்தைகளில் பெரியது இந்தியா, அது திரும்பவில்லை. 1936-ல் அதே ரன்சிமன் வர்த்தக வாரியத்தில் இருக்கும்போதே, மிகுதியாகிவிட்ட நூற்புக் கதிர்களை விலைகொடுத்து வாங்கி உடைத்தெறிய ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. மலாயாவின் ஏழை கூடுதல் விலை கொடுத்தும் ஓல்டாமின் ஆலை முழுதாகத் திறக்கவில்லை.

ரன்சிமனின் பொதுவாழ்வு அதன்பின் அதிக நாள் நீடிக்கவில்லை. 1937-ல் வர்த்தக வாரியத்தை விட்டு விலகினார். விஸ்கவுண்ட் பட்டம் பெற்றுப் பிரபுக்கள் சபைக்குப் போனார். அதே ஆண்டு தந்தையும் காலமானார். 1938 ஆகஸ்டில் பிரதமர் நெவில் சேம்பர்லேன் அவரைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பினார். அங்கிருந்த ஜெர்மன் மக்களுக்கும் அந்நாட்டு அரசுக்கும் இடையே சமரசம் செய்வது வேலை. சமரசம் நடக்கவில்லை. ஜெர்மானியர் மிகுதியாக வாழும் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்துவிடலாம் என்பதே அவர் கொண்டுவந்த யோசனை. செப்டம்பர் முடிவில் மியூனிக் ஒப்பந்தம் அந்தப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்தது. செக் மக்களை அந்த மேசைக்கு அழைக்கவே இல்லை. வரலாற்றுப் புத்தகங்களில் ரன்சிமன் பெயர் பெரும்பாலும் இதற்காகத்தான் நிற்கிறது. 1939-ல் போர் மூண்டதும் அரசாங்கப் பதவியிலிருந்து ஒதுங்கினார். 1949 நவம்பர் 14-ம் தேதி, தம் 79-ம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு காலமானார்.

அவருடைய இரண்டாவது மகன் ஸ்டீவன் ரன்சிமன் அரசியலுக்குப் போகாமல் வரலாற்றாசிரியரானார். சிலுவைப் போர்களின் வரலாற்றை மூன்று பாகங்களில் எழுதி, சிலுவை வீரர்கள் செய்த கொடுமைகளை மறைக்காமல் சொன்னவர் அவர். 1960-ல் சரவாக்கை ஆண்ட வெள்ளை ராஜாக்களின் வரலாற்றையும் எழுதினார். தந்தையின் கையெழுத்து நம் கடைத்தெருவைத் தொட்டது. மகனின் பேனா நம் நாட்டின் ஒரு மாநிலத்தைத் தொட்டது.

இப்படிப்பட்ட மனிதரை நாம் எப்படி எடைபோடுவது? அவரைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு மனமில்லை. ஒழுக்கமானவர், உழைப்பாளி. தம்மை முதலில் வாழவைத்த ஊரில் அடுப்பு எரியவில்லை என்றபோது, வாழ்நாள் கொள்கையை ஒதுக்கிவைத்து உதவ நினைத்தார். அதை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் உதவியின் செலவை அவர் தம் நாட்டுக் கஜானாவிலிருந்து கொடுக்கவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த கூலிக்காரரின் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் கூலிக்காரருக்கு லண்டனில் வாக்கும் இல்லை, வாயும் இல்லை. சுங்கம் ஏழையின் ரொட்டியைத் தொடும் என்று 1906-ல் அவர் சேர்ந்திருந்த கட்சி மேடையில் சொன்னது, 1934-ல் மலாயா ஏழையின் துணிக்கும் பொருந்தும் என்பதை மட்டும் மறந்துவிட்டார். அதுதான் அவர் மீது நம் வழக்கு.

கோட்டா அவரோடு முடிந்துவிடவில்லை. ஜப்பான் ஆட்சிக் காலத்தில் துணியே கிடைக்காமல் கோணிச் சாக்கை உடுத்திய கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போருக்குப் பின் காலம் தலைகீழானது. மலேசியாவும் சிங்கப்பூரும் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யத் தொடங்கியதும், செல்வ நாடுகள் நம் சட்டைக்குக் கோட்டா வைத்தன. 1962-ல் பருத்தித் துணிக்கென நீண்டகால ஏற்பாடு வந்தது. 1974-ல் பல்லிழை ஒப்பந்தம் வந்தது. 2004 முடிவில்தான் அந்த ஏற்பாடு முற்றாக விலகியது. அந்த ஆண்டுகளில் தையற்கூடங்களில் வேலை பார்த்த நம் பெண்களின் மாதச் சம்பளம், தொலைதூர நகரங்களில் யாரோ போட்ட கோட்டாக் கணக்கைப் பொறுத்திருந்தது.

ஆகவே இந்த வாழ்க்கையிலிருந்து நம் இளைஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பங்கு பிரிக்கும் மேசையில் நமக்காகப் பேச ஆள் இல்லாவிட்டால், நல்லவர்கள் பிரித்தாலும் நம் பங்கு குறைந்துதான் போகும். தனித்தனிக் கடையாக நின்ற முன்னோர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். வணிகர்களும் தொழிலாளிகளும் ஒன்று கூடிச் சங்கம் வைப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று. அதேபோல், நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்து பங்கு பிரிக்கும் நிலைக்கு வரலாம். அன்று தம் ஊரை நினைப்பதோடு, மேசைக்கு வர முடியாத தூரத்து ஏழையையும் நினைக்கும் நெஞ்சை அல்லாஹ் அவர்களுக்குத் தருவானாக என்று வேண்டுகிறோம்.